பவுண்டுக்குப் பவுண்டு: எடைப் பிரிவுகளைக் கடந்து குத்துச்சண்டை வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் விவாதத்தின் வரலாறு

குத்துச்சண்டையில் வெவ்வேறு எடைப் பிரிவுகளைச் சேர்ந்த வீரர்களை ஒரே வரிசையில் வைத்து, உடல் எடை என்ற வேறுபாடு இல்லையெனில் யார் சிறந்தவர் என்று மதிப்பிடும் முறை ‘பவுண்டுக்குப் பவுண்டு’ தரவரிசை எனப்படுகிறது. இதற்குப் பட்டமோ இடைவாரோ கிடையாது. இதைத் தீர்க்க ஒரு போட்டியையும் நடத்த முடியாது. 50 கிலோ எடையுள்ளவரும் 110 கிலோ எடையுள்ளவரும் ஒரே வளையத்தில் மோதினால் அதன் முடிவு திறமையைக் காட்டாது. எனினும் நூறாண்டுகளுக்கும் மேலாகக் குத்துச்சண்டை ரசிகர்கள் அதிகம் வாதிட்டுவரும் கேள்வி இதுதான். விடை காலத்துக்குக் காலம் மாறியது. விடைக்கு எதைச் சான்றாகக் கொள்வது என்பதும் உடன் மாறியது.

எடைப் பிரிவுகளின் தோற்றம்

வெறுங்கைக் குத்துச்சண்டைக் காலத்தில் எடைப் பிரிவுகள் உறுதியாக வரையறுக்கப்படவில்லை. 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் கட்டாயமாக்கின. 1909இல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப் பிரிவுகளை முறைப்படுத்தியது. 1920இல் நியூயார்க் மாநிலத்தில் இயற்றப்பட்ட வாக்கர் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவிலும் இப்பிரிவுகள் நிலைபெற்றன. அவற்றின் உச்ச எடைகள் பின்வருமாறு:

ஃபிளைவெயிட் – 112 பவுண்டு (50.8 கிலோ)
பாண்டம்வெயிட் – 118 பவுண்டு (53.5 கிலோ)
ஃபெதர்வெயிட் – 126 பவுண்டு (57.2 கிலோ)
லைட்வெயிட் – 135 பவுண்டு (61.2 கிலோ)
வெல்டர்வெயிட் – 147 பவுண்டு (66.7 கிலோ)
மிடில்வெயிட் – 160 பவுண்டு (72.6 கிலோ)
லைட் ஹெவிவெயிட் – 175 பவுண்டு (79.4 கிலோ)
ஹெவிவெயிட் – அதற்கு மேல், வரம்பில்லை

சிறிய உடல் கொண்டவரும் நியாயமாகப் போட்டியிட வழி செய்வதே இப்பிரிவுகளின் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது. ஆனால் உலகில் ஒரே நேரத்தில் எட்டு சாம்பியன்கள் உருவானார்கள். பெரும் பணமும் புகழும் ஹெவிவெயிட் சாம்பியனுக்கே சென்றன. அவரைவிடத் திறமையான சிறிய வீரர் இருக்கிறார் என்று சொல்ல ரசிகர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ‘பவுண்டுக்குப் பவுண்டு’ என்ற சொல்லின் பயன் இதுவே.

எடையை மீறியவர்கள்

தொடக்க காலத்தில் ஒருவரின் மேன்மைக்கு நேரடிச் சான்றாகக் கொள்ளப்பட்டது, தன்னைவிடக் கனமானவரை வெல்வதுதான். இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் 1891இல் மிடில்வெயிட் பட்டத்தைப் பெற்றார். 1897 மார்ச் 17 அன்று கார்சன் சிட்டியில் ஜேம்ஸ் கார்பெட்டை 14ஆம் சுற்றில் வீழ்த்தி ஹெவிவெயிட் சாம்பியனானார். அப்போது அவருடைய எடை மிடில்வெயிட் வரம்பைவிடச் சில பவுண்டுகளே அதிகம். 1903இல் லைட் ஹெவிவெயிட் பட்டத்தையும் வென்று, மூன்று பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்ற முதல் வீரரானார்.

மிடில்வெயிட் வீரர் ஹாரி கிரெப் 1922 மே 23 அன்று, பிற்கால ஹெவிவெயிட் சாம்பியன் ஜீன் டன்னியைத் தோற்கடித்தார். டன்னியின் தொழில்முறை வாழ்க்கையில் அது ஒன்றே தோல்வி. எல்லாக் காலத்துக்குமான பட்டியல்களில் கிரெப்பின் பெயர் முதல் சில இடங்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. ஆனால் அவர் மோதிய போட்டிகளின் திரைப்படப் பதிவு ஒன்றும் இன்று கிடைப்பதில்லை. செய்தித்தாள் குறிப்புகளும் வெற்றி தோல்விப் பதிவும் மட்டுமே உள்ளன. கண்ணால் காணாத வீரரை எங்கே வைப்பது என்ற கேள்வி அவரை முன்வைத்து இன்றும் எழுகிறது.

இவ்வகைச் சான்றின் உச்சம் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். 1937 அக்டோபர் 29 அன்று பீட்டி சாரனை வென்று ஃபெதர்வெயிட் பட்டம் பெற்றார். 1938 மே 31 அன்று பார்னி ராஸை வென்று, இடையிலிருந்த லைட்வெயிட்டைத் தாண்டி வெல்டர்வெயிட் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று லூ ஆம்பர்ஸை வென்று லைட்வெயிட் பட்டத்தையும் கைப்பற்றினார். பத்து மாதத்துக்குள் மூன்று பட்டங்களும் ஒரே நேரத்தில் அவரிடம் இருந்தன. மொத்தமே எட்டுப் பிரிவுகள் இருந்த காலம் அது. 1940இல் மிடில்வெயிட் பட்டத்துக்காக செஃபெரினோ கார்சியாவுடன் மோதி சமநிலை பெற்றார்.

சுகர் ரே ராபின்சன்

‘பவுண்டுக்குப் பவுண்டு’ என்ற சொல் சுகர் ரே ராபின்சனுக்காகவே உருவாக்கப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது அவருக்கு முன்பே வழக்கில் இருந்தது. 1920களின் லைட்வெயிட் சாம்பியன் பென்னி லெனார்ட் போன்றோரைப் பற்றியும் அவ்வாறு பேசப்பட்டது. ஆனால் அச்சொல் நிலையான பொருள் பெற்றது ராபின்சன் காலத்தில்தான்.

1921இல் பிறந்த ராபின்சனின் இயற்பெயர் வாக்கர் ஸ்மித். 1946 டிசம்பர் 20 அன்று வெல்டர்வெயிட் சாம்பியனானார். அதற்கு முன்பே, 1943 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட்டில் தம்மைவிட 16 பவுண்டு கனமான ஜேக் லமோட்டாவிடம் முதல் தோல்வியைச் சந்தித்திருந்தார். இருவரும் ஆறு முறை மோதினார்கள். மற்ற ஐந்திலும் ராபின்சனே வென்றார். அவற்றில் கடைசியான 1951 பிப்ரவரி 14 போட்டி அவருக்கு மிடில்வெயிட் பட்டத்தைத் தந்தது. அப்பட்டத்தை அவர் மொத்தம் ஐந்து முறை வென்றார்.

ராபின்சனின் சிறப்பு எடை தாண்டியதில் மட்டும் இல்லை என்று அவரைப் பார்த்தவர்கள் வாதிட்டனர். இரு கைகளிலும் வீழ்த்தும் வலிமை, கால் வேகம், பின்வாங்கியபடியே குத்தும் திறன், தொடர்குத்துகளின் ஒழுங்கு ஆகியவை ஒரே வீரரிடம் சேர்ந்திருந்தன. சிறிய வீரரின் வேகமும் பெரிய வீரரின் குத்தும் ஒருங்கே அமைந்தவர் என்பதே அவரைப் பற்றிய மதிப்பீடு. இதனால் விவாதத்தில் இரண்டாவது அளவுகோல் ஒன்று நுழைந்தது. யாரை வென்றார் என்பதோடு, எப்படி ஆடினார் என்பதும் கணக்கில் வந்தது.

எடை தாண்டுவதன் எல்லையையும் ராபின்சனே காட்டினார். 1952 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமுடன் மோதினார். அன்றிரவு வளையத்தின் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கடந்திருந்தது. வெப்பம் தாளாமல் நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் 10ஆம் சுற்றுக்குப் பிறகு விலக, வேறு நடுவர் வந்தார். ராபின்சன் புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். ஆனால் 14ஆம் சுற்றுக்கு அவரால் எழ முடியவில்லை. ஏறத்தாழ 200 போட்டிகள் கொண்ட வாழ்க்கையில், போட்டியை முடிக்க இயலாமல் அவர் தோற்றது அந்த ஒரு முறைதான். ஆட்டத்தில் முந்தியவரை எடையும் வெப்பமும் சேர்ந்து வீழ்த்தின. இந்தத் தோல்வி அவருடைய தரவரிசையைக் குறைக்க வேண்டுமா, உயர்த்த வேண்டுமா என்பதிலேயே விவாதத்தின் இரு தரப்பும் அடங்கிவிடுகின்றன.

பத்திரிகைத் தரவரிசை

நாட் ஃபிளைஷர் 1922இல் தொடங்கிய ‘தி ரிங்’ இதழ், 1920கள் முதல் ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் தனித்தனியாக ஆண்டுத் தரவரிசை வெளியிட்டுவந்தது. எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான ‘பவுண்டுக்குப் பவுண்டு’ பட்டியலை அவ்விதழ் 1989இல் தொடங்கியது. அதில் முதலிடம் பெற்றவர் ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசன். சிறியவர்களுக்காகத் தோன்றிய சொல்லின் கீழ் பெரியவரே முதலில் நின்றார். 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் தோற்றதும், அந்த இடம் மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸுக்குப் போனது.

இப்பட்டியலில் முன்னணியில் இருந்த இருவர் நேருக்கு நேர் மோதுவது அரிது. 1993 செப்டம்பர் 10 அன்று சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் அது நிகழ்ந்தது. தோல்வியே அறியாத சாவேஸ், அமெரிக்காவின் பெர்னல் விட்டேக்கருடன் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக மோதினார். புள்ளி நடுவர் மூவரில் இருவர் சமநிலை என்றும், ஒருவர் விட்டேக்கர் வென்றார் என்றும் எழுதினர். போட்டி சமநிலை என அறிவிக்கப்பட்டது. விட்டேக்கர் தெளிவாக வென்றார் என்பதே பெரும்பாலான பார்வையாளர்கள், விமர்சகர்களின் கருத்து. பட்டியலின் முதலிடமும் விட்டேக்கருக்கு மாறியது. ஏட்டில் உள்ள முடிவும் பார்த்தவர்களின் தீர்ப்பும் முரண்பட்டபோது, தரவரிசை பின்னதை ஏற்றுக்கொண்டது.

மேலே ஏறுவதா, இருக்குமிடத்தில் ஆள்வதா

1980களின் நான்கு பெரும் வீரர்களான ராபர்ட்டோ துரான், சுகர் ரே லெனார்ட், தாமஸ் ஹெர்ன்ஸ், மார்வின் ஹாக்லர் ஆகியோர் இன்னொரு சிக்கலை முன்வைத்தனர். துரான் 1980 ஜூனில் மான்ட்ரியலில் லெனார்டை வென்றார். அதே நவம்பரில் லெனார்ட் அவரை வென்றார். லெனார்ட் 1981இல் ஹெர்ன்ஸை வீழ்த்தினார். ஹாக்லர் 1983இல் துரானையும் 1985இல் ஹெர்ன்ஸையும் வென்றார். ஹெர்ன்ஸ் 1984இல் துரானை இரண்டே சுற்றில் சாய்த்தார். 1987 ஏப்ரல் 6 அன்று லெனார்ட் ஹாக்லரைப் பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார்.

இம்முடிவுகளின்படி துரான் கடைசியில் நிற்க வேண்டும். ஆனால் பல பட்டியல்களில் அவரே இந்நால்வரில் முதல்வர். காரணம், அவர் உண்மையில் லைட்வெயிட். 135 பவுண்டில் 1970களை ஆண்டவர், தமக்கு இயல்பல்லாத எடைகளில் மற்ற மூவரையும் சந்தித்தார். 1989இல், 37ஆம் வயதில், மிடில்வெயிட்டில் இரான் பார்க்லியை வென்று மீண்டும் ஒரு பட்டம் பெற்றார். மறுபுறம் ஹாக்லர் வாழ்நாள் முழுவதும் மிடில்வெயிட்டிலேயே இருந்து 12 முறை பட்டத்தைக் காத்தார். தன் பிரிவில் உள்ள எல்லோரையும் வென்றவர் வேறு பிரிவுக்குப் போகவில்லை என்பதற்காகக் குறைந்தவர் ஆவாரா என்பது அவருடைய ஆதரவாளர்களின் கேள்வி.

பட்டங்களின் பெருக்கம்

பட்டங்களை எண்ணி ஒப்பிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் பட்டத்தின் மதிப்பு எல்லாக் காலத்திலும் ஒன்றல்ல. எட்டாக இருந்த எடைப் பிரிவுகள் இடைப்பிரிவுகள் சேர்ந்து 17 ஆயின. உலகக் குத்துச்சண்டைச் சங்கம், உலகக் குத்துச்சண்டை மன்றம் (1963), சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு (1983), உலகக் குத்துச்சண்டை அமைப்பு (1988) என நான்கு அமைப்புகள் தனித்தனியே சாம்பியன்களை அறிவிக்கின்றன. ஆம்ஸ்ட்ராங் காலத்தில் பத்துக்குள் அடங்கிய உலகப் பட்டங்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டன.

பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் இந்தச் சூழலில் எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றார். 1998இல் 112 பவுண்டு ஃபிளைவெயிட்டில் தொடங்கிய பயணம், 2010 நவம்பர் 13 அன்று 154 பவுண்டு பிரிவில் அன்டோனியோ மார்கரிட்டோவை வென்றதில் முடிந்தது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவோர், இடைப்பிரிவுகளையும் ‘ஒப்பந்த எடை’ முறையையும் சுட்டுகிறார்கள். ஒப்பந்த எடை என்பது பிரிவின் வரம்புக்குக் கீழே இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் எடை. மார்கரிட்டோ போட்டியில் அது 150 பவுண்டு. ஆனால் அன்று பாக்கியாவின் எடை 145 பவுண்டுக்கும் குறைவு என்பதை ஆதரவாளர்கள் நினைவூட்டுகிறார்கள். ஒப்பந்த எடையைக்கூட எட்டாத உடலோடு அவர் வென்றார்.

இதே காலத்தில் ஃபிளாய்ட் மேவெதர் 130 முதல் 154 பவுண்டு வரை ஐந்து பிரிவுகளில் பட்டம் பெற்று, தோல்வியே இல்லாமல் 50 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார். 2015 மே 2 அன்று இருவரும் மோதியபோது மேவெதர் ஒருமனதான தீர்ப்பில் வென்றார். அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பேர் கட்டணம் செலுத்திப் பார்த்த போட்டி அது. ஆனாலும் விவாதம் முடியவில்லை. போட்டி ஐந்தாண்டு தாமதமாக நடந்தது என்றும், மேவெதர் இயல்பிலேயே பெரியவர் என்றும் பாக்கியாவ் தரப்பு சொல்கிறது. தோல்வியில்லாத பதிவைவிட வலுவான சான்று வேறென்ன என்று மேவெதர் தரப்பு கேட்கிறது.

சிறிய வீரர்களின் நிலை

சிறியவர்களுக்கு நீதி செய்யத் தோன்றிய தரவரிசை, மிகச் சிறியவர்களை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபெஸ் 105 பவுண்டு பிரிவில் 1990 முதல் ஆதிக்கம் செலுத்தி, ஒரு சமநிலையைத் தவிர எல்லாப் போட்டிகளிலும் வென்று தோல்வியின்றி ஓய்வு பெற்றார். குத்துச்சண்டை நுணுக்கத்தில் குறையற்றவர் என்று போற்றப்பட்டும், பெரிய வீரர்களின் நிகழ்ச்சிகளில் துணைப் போட்டிகளிலேயே அவர் பலமுறை ஆடினார். முதலிடம் அவருக்குக் கிட்டவில்லை.

2015இல் மேவெதர் ஓய்வு அறிவித்தபோது, நிகரகுவாவின் ஃபிளைவெயிட் சாம்பியன் ரோமன் கோன்சாலெஸை ‘தி ரிங்’ முதலிடத்தில் வைத்தது. அந்த எடையிலிருந்து ஒருவர் அவ்விடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. 2022 ஜூனில் ஜப்பானின் பாண்டம்வெயிட் வீரர் நாவோயா இனோவே, நோனிட்டோ டோனேரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி முதலிடம் பெற்ற முதல் ஜப்பானியரானார். லோபெஸ் தம் முதல் பட்டத்தை வென்றது ஹிடேயுகி ஓஹாஷியிடமிருந்து. இனோவே உருவானது அதே ஓஹாஷியின் பயிற்சிக்கூடத்தில்.

பெண்கள் பிரிவில் இதே கேள்வி 2022 ஏப்ரல் 30 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எழுந்தது. ஏழு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற அமெண்டா செரானோ, தம் ஃபெதர்வெயிட்டிலிருந்து லைட்வெயிட்டுக்கு ஏறி வந்து கேட்டி டெய்லருடன் மோதினார். டெய்லர் பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார்.

தராசும் உண்மையான எடையும்

இவ்விவாதத்தில் அனைவரும் உறுதியானதாகக் கொள்ளும் ஒன்று எடை. அதுவும் அவ்வளவு உறுதியானதல்ல. முன்பு போட்டி நாளன்றே எடை பார்த்தனர். 1980கள் முதல் முந்தைய நாள் எடை பார்ப்பது பரவியது. வீரர்கள் உடலின் நீரை வற்றவைத்து வரம்புக்குள் வந்து, மறுநாளுக்குள் இழந்த எடையை மீட்கத் தொடங்கினர். 2000 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் ஆர்ட்டுரோ காட்டி, ஜோயி கமாஷ் மோதிய போட்டியின் ஒப்பந்த எடை 141 பவுண்டு. வளையத்தில் ஏறியபோது காட்டியின் எடை 160 பவுண்டு எனத் தொலைக்காட்சி எடையிட்டுக் காட்டியது. இரண்டாம் சுற்றில் வீழ்த்தப்பட்ட கமாஷ் அதன் பிறகு ஆடவில்லை. ஏட்டின்படி அது ஒரே எடையினரின் போட்டி. பழைய காலத்து வெல்டர்வெயிட்டும் இன்றைய வெல்டர்வெயிட்டும் போட்டி நேரத்தில் ஒரே உடலினர் அல்லர் என்பதால், காலங்களைக் கடந்த ஒப்பீடு மேலும் கடினமாகிறது.

கணக்கிட முடியுமா

பளுதூக்குதலில் இத்தகைய ஒப்பீட்டுக்குச் சூத்திரம் உண்டு. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தும், எடை கன அளவைப் பொறுத்தும் கூடுகின்றன. அதனால் சிறியவர் தம் எடையைப் போல அதிக மடங்கு தூக்குகிறார். சின்க்ளேர் குணகம் இவ்வேறுபாட்டைச் சரிசெய்கிறது. தூக்கிய பளு ஓர் எண் என்பதால் இது இயல்கிறது. குத்துச்சண்டையில் வீரரின் திறன் எதிராளி வழியாகவே வெளிப்படுகிறது. எதிராளியின் தரத்தை அறிய அவருடைய எதிராளிகளைப் பார்க்க வேண்டும். பாக்ஸ்ரெக் போன்ற கணினிவழித் தரவரிசைகள் இச்சங்கிலியைக் கணக்கிட முயல்கின்றன. ஆனால் ஃபிளைவெயிட்டையும் ஹெவிவெயிட்டையும் இணைக்கும் பொது எதிராளி எங்கும் இல்லாததால், சங்கிலி நடுவில் அறுபடுகிறது.

ஹெவிவெயிட் வீரர்களின் நிலை தனிச் சிக்கல். அவர்கள் ஏறிச் செல்ல மேலே பிரிவு இல்லை. 25 முறை பட்டத்தைக் காத்த ஜோ லூயிஸும் முகமது அலியும் எடை தாண்டிக் காட்டியிருக்க முடியாது. ‘தி ரிங்’ 2002இல் வெளியிட்ட 80 ஆண்டுகளின் சிறந்த வீரர்கள் பட்டியலில் ராபின்சன், ஆம்ஸ்ட்ராங், அலி, லூயிஸ், துரான் ஆகியோர் முதல் ஐந்து இடங்களைப் பெற்றனர். எடை ஏறியவர்களும் ஏற முடியாதவர்களும் அதில் கலந்தே உள்ளனர்.

அண்மைக்கால விவாதங்கள்

2023 ஜூலை 25 அன்று இனோவே ஸ்டீபன் ஃபுல்டனை வென்று 122 பவுண்டு பிரிவுக்கு ஏறினார். நான்கு நாள் கழித்து டெரன்ஸ் கிராஃபோர்டு, அதுவரை தோற்காத எரால் ஸ்பென்ஸை ஒன்பதாம் சுற்றில் நிறுத்தி வெல்டர்வெயிட்டின் நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். 2024 மே 18 அன்று ரியாத்தில், குரூசர்வெயிட்டிலிருந்து வந்த உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், தம்மைவிட மிகவும் கனமான டைசன் ஃபியூரியை வென்று ஹெவிவெயிட்டின் நான்கு பட்டங்களையும் பெற்றார். 2025 செப்டம்பர் 13 அன்று, லைட்வெயிட்டில் தம் முதல் பட்டத்தை வென்றிருந்த கிராஃபோர்டு, 168 பவுண்டில் கனெலோ அல்வாரெஸை வென்றார். மூவரில் யாரை முதலிடத்தில் வைத்தாலும் மற்ற இருவருக்காக வாதிட நியாயம் உண்டு.

மதிப்பீடு

பவுண்டுக்குப் பவுண்டு தரவரிசைக்கு இறுதி விடை கிடைத்ததில்லை. ஆனால் வாதிடுவோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே ஐந்து சான்றுகளையே எடைபோடுகிறார்கள்: வென்ற எதிராளிகளின் தரம், வென்ற விதம், ஆதிக்கம் நீடித்த காலம், எடை தாண்டிய துணிவு, தோல்விகளின் சூழல். ஃபிட்ஸ்சிம்மன்ஸ் காலம் நான்காவதை முதன்மையாகக் கொண்டது. ராபின்சன் காலம் இரண்டாவதைச் சேர்த்தது. பட்டங்கள் பெருகிய பின் முதலாவது முக்கியமானது. ஒரு ரசிகரின் பட்டியலைப் பார்த்தால், குத்துச்சண்டையில் அவர் எதை மதிக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இவ்விவாதத்தால் விளைந்த பயனும் உண்டு. ஹெவிவெயிட்டைத் தவிர வேறெதையும் பாராத உலகில், 50 கிலோ எடையுள்ள நிகரகுவா வீரர் ஒருவரை உலகின் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்று அழைக்க முடிந்தது இச்சொல்லால்தான். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. தன் மேன்மையை நிறுவ உடலுக்குப் பொருந்தாத எடையில் ஏறிய வீரர்கள் பலர். யாங்கி ஸ்டேடியத்தின் வெப்பத்தில் எழ முடியாமல் அமர்ந்திருந்த ராபின்சனே அவர்களில் முதன்மையான சான்று. அந்தத் தோல்விக்குப் பிறகும் முதலிடத்துக்கு அவர் பெயரையே பெரும்பாலோர் சொல்கிறார்கள்.